அரெங்காவின் தோள் நீலம்: இருட்டுக் குருவியைப் படம் பிடிப்பது பற்றிச் சில கேள்விகள்

மலைக்காட்டு ஓடைகளில் ஒளிந்து வாழும் அரெங்கா என்ற சீழ்க்கைப் பூங்குருவியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்பது வீட்டில் உள்ளவர்களின் புகார். ஆகவே ஹட்டனில் என் படங்களைப் பார்க்க வந்தவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் சொல்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். மற்ற மூவரும் கோபிக்க வேண்டாம்.

தலவாக்கலை: சேர், எங்கள் லயத்துக்குப் பின்னால் பீலிக்கரைக்குத் தினமும் ஒரு கறுப்புக் குருவி வருகிறது. நீங்கள் காட்டிய அரெங்காதானே அது?

அலகு என்ன நிறம் தம்பி? செம்மஞ்சளாக இருந்து, கண்ணைச் சுற்றியும் அதே நிறத்தில் வளையம் இருந்தால் அது கறுப்புப் பூங்குருவி. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அரெங்காவுக்கு அலகும் கறுப்பு. மைனாவை விடக் கொஞ்சம் சிறியது. ஆணின் உடம்பு நீலம் கலந்த கருமை, தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. பெண் பழுப்பு நிறம், அதன் தோளில் நீலம் இன்னும் சிறிதாக இருக்கும். ஆள் நடமாட்டமுள்ள பீலிக்கரைக்குத் தினமும் வந்து போகிற தைரியம் அதற்குக் கிடையாது.

இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அரெங்கா. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் இருக்கிறது. 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் என்பவர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார். ‘அரெங்கா’ என்பது அதன் பழைய பேரினப் பெயர். அறிவியல் அந்தப் பெயரைக் கைவிட்ட பிறகும் பறவை பார்க்கிறவர்களின் வாயில் அது நின்றுவிட்டது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அதன் காட்டை வெட்டியவை நம் பாட்டன்மாரின் கைகள், வெட்டச் சொன்னவை துரைமாரின் வாய்கள். மிஞ்சிய காட்டில்தான் இப்போது நாம் கெமராவோடு நிற்கிறோம்.

பதுளை: எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

ஹோட்டன் சமவெளிக்குப் போகும் பாதையோரத்தில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதன் பெயரே அரெங்காக் குளம். எல்லோரும் அங்கே போகிறார்கள், நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். விடிந்து முதல் அரை மணி நேரமும் இருட்டுவதற்கு முந்திய அரை மணி நேரமும்தான் அதன் நேரம். நடுப்பகலில் போனால் மஞ்சள் காதுக் கொண்டலாத்திகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதுவும் இலங்கைக்கே உரிய பறவைதான், நட்டமில்லை.

பறவைக்கு முன்னால் அதன் சத்தம் வரும். தண்ணீரின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு கூரிய சீழ்க்கை. அது கேட்ட பிறகு பையைத் திறப்பது, மூடியைக் கழற்றுவது, தொப்பியைச் சரிசெய்வது எல்லாம் வீண் வேலை. அதற்கு முன்பே முதுகை ஒரு மரத்தில் சாய்த்து, நிலத்தோடு உட்கார்ந்து, லென்ஸ் தண்ணீர் விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும். ஓடை வழியே நடந்து தேடினால் நீங்கள் ஒரு வளைவு நடப்பதற்குள் அது மூன்று வளைவு தாண்டிவிடும். உட்கார்ந்திருந்தால் பூச்சி, நத்தை, தவளை என்று பொறுக்கிக்கொண்டு அதுவாகவே வரும்.

ஒரு காலையில் நாலு மீற்றர் தூரத்தில் வந்து நின்றது. லென்ஸில் ‘ஆறு மீற்றருக்கு அப்பால் மட்டும் குவி’ என்ற விசையை முந்தின நாள் பருந்துக்காகத் தள்ளியிருந்தேன், திருப்பி வைக்கவில்லை. அழுத்த அழுத்தக் குவியவே இல்லை. கெமரா பழுதாகிவிட்டதென்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து உட்கார்ந்ததும் முதலில் அந்த விசையைத் தொட்டுப் பார்ப்பேன்.

கண்டி: என் படங்கள் எல்லாம் ஒன்றில் கலங்கி இருக்கின்றன அல்லது கறுப்பாக இருக்கின்றன. என்ன அளவுகள் வைப்பது?

இது நீளமான பதில், தேநீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை முழுக்கத் திறந்துவிடுங்கள். எஃப் 5.6 லென்ஸ் என்றால் 5.6. எஃப் 4 லென்ஸ் இருந்தால் இரு மடங்கு ஒளி கிடைக்கும், ஆனால் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஷட்டர் வேகத்தை நொடியில் 60இல் ஒரு பங்கு வரை இறக்குங்கள். பறவைக்கு 1000இல் ஒரு பங்கு வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது பறக்கிற பறவைக்கு. அரெங்கா ஓடும், சட்டென்று நிற்கும், நின்றால் கல் மாதிரி நிற்கும். அந்த நிற்கிற கணத்தில் நாலைந்து படங்களைத் தொடர்ச்சியாகச் சுடுங்கள். முதல் படத்தில் உங்கள் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், மூன்றாவது பெரும்பாலும் கூர்மையாக வரும். நான் முக்காலியைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். பயறு நிரப்பிய துணிப் பையைக் கல்லின் மேல் வைத்து அதில் லென்ஸைக் கிடத்துகிறேன். பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கவும் அது உதவும்.

இத்தனைக்குப் பிறகும் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு எண் 6400 கேட்கும், சில நாட்களில் 12800. கொடுங்கள். 800இல் வைத்துக் கறுப்பாக எடுத்து, வீட்டில் வெளிச்சமாக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மணல் இறைத்ததுபோல் வரும் புள்ளிகளுக்கு முக்கியக் காரணம் ஒளி குறைவாகக் கிடைத்ததுதான். எண்ணைக் குறைத்து வைத்ததால் ஒளி கூடிவிடாது. இருட்டுப் படத்தைத் தூக்கினால் மணலும் சேர்ந்து எழும்பும்.

அடுத்தது கெமராவின் ஒளிமானி. அது காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பின்னால் வெள்ளைப் பனிமூட்டம் இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும், பறவை மைப் புள்ளியாகிவிடும். அங்கே ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். கறுத்த பாறை, கறுத்த பறவை மட்டும் என்றால் எதிர்மாறு. கெமரா அதைச் சாம்பலாக வெளுக்கவைக்கும், முக்கால் படி குறைக்க வேண்டும். நீர்வீழ்ச்சியின் நுரை வெளுத்துப்போவதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. நுரையைப் பார்க்கவா போனோம்?

மரக்கூரைக்குக் கீழே வரும் ஒளி பச்சை படிந்தது. ஜேபெக் மட்டும் எடுத்தால் அந்தப் பச்சையை நீக்குவது பெரும்பாடு. கெமரா கைவைக்காத மூலப் பதிவான ரோ கோப்பாக எடுங்கள்.

நானுஓயா: தோள் நீலம் எனக்கு ஒரு படத்திலும் வரவில்லை. கண்ணால் பார்த்தேனே?

அந்த இறகில் நீலச் சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறும்போதுதான் நீலம் பிறக்கிறது. ஆகவே பறவை திரும்பும் கோணத்தைப் பொறுத்து அது மின்னும், மறையும். நேருக்கு நேர் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, தோள் திறந்த வானத்துப் பக்கம் வரும்போது அழுத்துங்கள். இதற்குச் சூரியன் தேவையில்லை, மேகம் மூடிய வானமே நல்லது.

நுவரெலியா: இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, குவியவில்லை.

கறுத்த மார்பில் குவியப் புள்ளியை வைத்தால் பிடித்துக்கொள்ள அதற்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்து அலகும் பின்னணியும் சந்திக்கும் விளிம்பில் வையுங்கள். இன்னும் நல்லது, அது வழக்கமாக ஏறும் கல்லில் முன்கூட்டியே குவித்துத் தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுவது. கல்லின் மேல் எச்சம் இருந்தால் அதுதான் அதன் கதிரை.

பண்டாரவளை: பிளாஷ் போடலாமா?

வேண்டாம்.

ஹட்டன்: அலைபேசியில் அதன் சத்தத்தை ஒலிக்கவிட்டால் வெளியே வருமாமே அண்ணே? வழிகாட்டி ஒருவர் செய்ததைப் பார்த்தேன்.

வரும் தங்கச்சி. தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று பதறித்தான் வரும். இரை தேட அதற்குக் கிடைப்பதே காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். அதை இல்லாத எதிரியைத் தேட வைத்துவிட்டு நாம் படத்தோடு வீட்டுக்குப் போகிறோம். ஒரே குளத்துக்கு நாளுக்கு ஐந்து வாகனங்கள் வந்து ஐந்து பேரும் ஒலிக்கவிட்டால் அந்தப் பறவையின் கதி என்ன? அடுத்தமுறை அந்த வழிகாட்டியிடம், சத்தம் போடாவிட்டால் கூடுதலாகக் காசு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன், வேலை செய்தது.

கூடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஓடையோரப் பாறை விளிம்பில் பாசியால் கட்டிய கிண்ணம் தென்பட்டால் கெமராவைத் தூக்காமல் வந்த வழியே திரும்புங்கள். எனக்கும் இடத்தைச் சொல்ல வேண்டாம்.

கந்தப்பளை: காட்டோரப் புதருக்குள் எலி மாதிரி ஓடும் சின்னப் பழுப்புக் குருவி ஒன்று. சத்தம் மட்டும் கேட்கிறது. அரெங்காவை விட மோசம்.

மோசம்தான். இலங்கைப் புதர்ச்சிட்டாக இருக்கும், அதுவும் நம் மலைகளுக்கே உரியது. நெருங்கிப் பார்க்க முடிந்தால் ஆணின் கண் சிவப்பு. பெரும்பாலும் சோடியாகவே திரியும், ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டே போகும். அதைத் துரத்தாதீர்கள். புதர்களுக்கு இடையில் ஒரு முழ இடைவெளியைப் பார்த்து அதில் குவித்து வையுங்கள். முதலாவது கடக்கும்போது உங்களுக்குத் தவறிவிடும், அது பரவாயில்லை. பின்னால் இரண்டாவது வரும்.

மாத்தளை: பெரிய லென்ஸ் வாங்கக் காசு இல்லை. கையில் இருப்பது பழைய கெமராவும் 300 மில்லிமீற்றர் லென்ஸும்.

போதும். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு பஸ்ஸில் போங்கள். வடக்கிலிருந்து குளிருக்கு ஒதுங்கி வந்த பறவைகள் அங்கே மனிதர்களுக்குப் பழகிவிட்டவை. ஆறுமணிக்குருவி புற்களுக்கு நடுவே தத்தித் திரியும். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே வரும். காலை ஏழு மணிக்கு மரநிழலில் அவற்றை எடுத்துப் பழகினால் அரெங்காக் குளத்தின் இருட்டு அந்நியமாக இருக்காது. படத்தில் பறவை சிறிதாக வருகிறதென்று வருந்தாதீர்கள். பாசி பிடித்த பாறையும் தண்ணீரும் சேர்ந்து வரும் படத்தைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன்.

வெலிமடை: ஹோட்டன் சமவெளியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் லென்ஸுக்குள் ஆவி படிகிறது.

விடியற்குளிரில் ஊறிய கண்ணாடியை நேரே அடுப்படிக்குக் கொண்டுபோனால் அப்படித்தான். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளி அறையில் விட்டுவிடுங்கள். படம் பார்க்கும் ஆசை இருந்தால் அட்டையை, காலில் ஏறும் அட்டையை அல்ல, கெமராவில் உள்ளதை, காட்டிலேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உபரி மின்கலத்தையும் உடம்போடு வைத்திருங்கள், குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும்.

லிந்துலை: சேர், இத்தனை வருடத்தில் சட்டம் போட்டு மாட்டும்படி எத்தனை அரெங்காப் படம் எடுத்தீர்கள்?

இரண்டு. ஒன்று ஆண், தோள் நீலத்தோடு பக்கவாட்டில் நிற்பது. மற்றது பெண், அலகில் ஒரு தவளையோடு. எங்கள் முன்னறையில் என் மனைவி மாட்டியிருப்பது ஆறுமணிக்குருவிப் படத்தை. அதில்தான் நிறம் இருக்கிறதாம்.