ஷட்டர் கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் திசையன்விளை பக்கம், வேலை சிங்கப்பூரில். தாமிரபரணி வெள்ளநீரை எங்கள் செம்மணல் தேரிக்காட்டுக்குக் கொண்டுவரும் கால்வாய் 2009இல் தொடங்கி 2025இல்தான் திறக்கப்பட்டது. நம் நாட்டுக்கும் கண்டிப்பான ஒரே தலைவர் இருந்தால்தான் வளர்ச்சி வருமோ?

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயம்தான். 369 கோடி மதிப்பீடு ஆயிரம் கோடியைத் தாண்டியதும் உண்மை. ஆனால் அந்த 'ஒரே தலைவர்' எரிச்சலைக் கிளப்பிவிட்டது. 1975 முதல் 77 வரை நெருக்கடி நிலையில் அதையும் பார்த்தாயிற்று. ரயில் நேரத்துக்கு வந்ததாம். அதை விடுங்கள்.

போன வாரம் முழுக்க எங்கள் ஊர்க் குளத்து மடையையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெரியப்பா அங்கே நீர்ப்பாய்ச்சி, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். கார், பிசானம் என்ற இரண்டு போக அறுப்புக்கும் வயல்காரர்கள் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் அந்த வயல் நெல் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கும் அரிக்கேன் விளக்கோடு கரையில் நிற்பார். பிறகு இரும்பு ஷட்டர் வந்தது, நெல் அளப்பது நின்றது, பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைந்த குளம் ஊராட்சி ஒன்றியத்துக்கு, மற்றது நீர்வளத்துறைக்கு என்பது கணக்கு. எங்கள் குளம் அந்த 40 ஹெக்டேர் எல்லையை ஒட்டி நிற்பது. மனுவோடு போனால் இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் கைகாட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அன்று ராத்திரி நாலு பேர் தொங்கியும் எங்கள் ஷட்டர் அசையவில்லை. மரை முழுக்கத் துரு. உபரிநீர் வழியும் மறுகால் கொள்ளாமல் கரை உடைந்தது. அப்புறம் ஒப்பந்ததாரர் வந்தார், புதுக் கரை வந்தது, பெயர்ப்பலகைகூட வந்தது. ஒரு டப்பா கிரீஸ் மட்டும் இன்னும் வரவில்லை. கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவார்கள்; கட்டியதைப் பார்த்துக்கொள்கிறவனுக்குச் சம்பளம் யார் கணக்கிலும் இல்லை. உங்கள் ஒரே தலைவர் வந்து கிரீஸ் தடவுவாரா?

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஒன்றுக்காவது போயிருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், என் மகனும் போனதில்லை.

சரி, பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? உங்கள் ஊர்க் குளத்து ஷட்டர் கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள்.