கேட்டவர்களும் சொன்னவர்களும்: சிம்கோ ஏரியில் பெரிய ட்ரௌட்

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரி உறைந்ததும் ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கப் போவது பற்றி இந்தக் குளிர்காலத்தில் நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் லேக் ட்ரௌட் என்ற பெரிய, ஆழத்து மீன் தொடர்பானவற்றுக்கு மட்டும் இம்முறை பதில்.

நாங்கள் நாலு பேர், முதல் தடவை. குடில் வாடகைக்கு விடுபவர் மலிவாகக் கேட்கிறார், வழிகாட்டி இரண்டு மடங்கு கேட்கிறார். அப்படி என்ன வித்தியாசம்? — ஸ்காபரோ வாசகர்

குடில்காரர் காலையில் உங்களை ஸ்னோமொபீலில் கொண்டுபோய், ஹீட்டர் எரிகிற குடிலில், துளை போட்ட இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். பின்னேரம் வந்து ஏற்றுவார். பெர்ச் போன்ற சின்ன மீன் பிடித்துப் பொழுதுபோக்க அதுவே தாராளம். பெரிய ட்ரௌட் வேண்டுமென்றால், நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று, மீன் இல்லையென்றால் இடம் மாற்றுகிற ஆள் தேவை.

காசு கட்டுவதற்கு முன் தொலைபேசியில் சிலது கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆளுக்கொரு சோனார் (ஐஸுக்குக் கீழே வரும் மீனைத் திரையில் காட்டும் கருவி) உண்டா, நாலு பேரும் ஒன்றைப் பார்க்க வேண்டுமா? காலநிலை கெட்டால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவாரா? "மீன் நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். துளையிடுவதையும் திரை பார்ப்பதையும் உங்கள் கையால் செய்யவிடுகிறவரே நல்ல வழிகாட்டி. அடுத்த வருடம் அவர் இல்லாமல் போக உதவப்போவது அந்தப் பழக்கம்தான்.

மீன்பிடி அனுமதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வழிகாட்டியுடையது உங்களுக்குச் செல்லாது. கனடாவில் வசிப்பவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 ஆனவர்களும் வயதைக் காட்டும் அடையாள அட்டை வைத்திருந்தால் போதும்.

ஐஸ் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனைவி விடமாட்டேன் என்கிறார். — மார்க்கம் வாசகர்

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் நடப்பதற்கு 15 சென்ரிமீற்றர், ஸ்னோமொபீலுக்கு 25 என்கிறது. அது தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸுக்கு. பால்போல வெளுத்த ஐஸ் பனி கலந்து உறைந்தது. பாதிப் பலம்தான், ஆகவே இரட்டைத் தடிப்பு வேண்டும். தெற்கிலுள்ள குக்ஸ் குடா ஆழம் குறைவு, முதலில் உறையும். ட்ரௌட்டுக்குப் பேர்போன கெம்பன்ஃபெல்ட் குடா ஏரியிலேயே ஆழமான பகுதி, சுமார் 40 மீற்றர். அது கடைசியாகத்தான் உறையும். குக்ஸ் குடாவில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதற்காக இங்கே இறங்கக் கூடாது.

காற்றையும் பாருங்கள். பெரிய ஏரியில் பலத்த காற்று வெடிப்பை அகலமாக்கி, ஐஸ் தட்டையே கரையிலிருந்து பிரித்துவிடும். அதற்காக வழிகாட்டி முதல்நாள் இரவு பயணத்தை நிறுத்தினால் கோபிக்காதீர்கள்.

மிதக்கும் உடுப்பு போடுங்கள், இரண்டு ஐஸ் ஊசிகளைக் கோட்டுக்கு வெளியே கழுத்தில் தொங்கவிடுங்கள். விழுந்துவிட்டால் மூச்சைச் சீராக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் இயங்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்பது கணக்கு. வந்த பக்கமே திரும்புங்கள். அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. ஊசியைக் குத்தி, நீந்துவதுபோலக் காலை உதைத்து வயிற்றால் ஏறுங்கள். எழும்பி நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

சோனாரில் மீன் வருகிறது, ஜிக்கைப் பார்க்கிறது, போய்விடுகிறது. என்ன பிழை? — மிசிசாகா வாசகர்

பெரும்பாலும் ஜிக்கை, அதாவது பாரம் வைத்த செயற்கை இரையை, ஒரே இடத்தில் ஆட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பெர்ச்சுக்கு அது சரி. ட்ரௌட்டோ, தப்பி ஓடும் ஹெரிங் என்ற சின்ன மீனைத் துரத்தித் தின்கிற மீன். எதிரில் நின்று ஆடுகிற இரை அதற்குச் சந்தேகம்.

முதலில் திரையைச் சரிசெய்யுங்கள். சோனாரின் உணரி ஐஸின் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்க வேண்டும். துளைக்குள்ளேயே இருந்தால் சுவரில் பட்டுக் குழப்பும். உங்கள் ஜிக் மெல்லிய கோடாகத் தெரியும்வரை உணர்திறனைக் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோடு தெரியாமல் போனால் நீரோட்டம் ஜிக்கை ஒதுக்குகிறது. அரை அவுன்ஸை முக்கால் அவுன்ஸ் ஆக்குங்கள். வெள்ளை ரியூப் ஜிக், 4 அங்குலம், தொடங்க அது போதும்.

இனி ஜிக்கை அடிவரை விட்டு, ஒரு மீற்றர் தூக்கி, இரண்டு தரம் சுண்டுங்கள். கீழிருந்து தடித்த கோடு ஒன்று கிளம்பினால் நிற்காமல் ரீலைச் சுற்றுங்கள். மீன் பின்னால் ஏறினால் வேகத்தைக் கூட்டுங்கள். கை தயங்கும், தயங்கக் கூடாது. மீன் பின்தங்கினால் ஜிக்கை அதையும் தாண்டிக் கீழே விழவிட்டு மறுபடி சுற்றுங்கள். 25 மீற்றரில் கிளம்பிய மீன் 10 மீற்றரில் கடிப்பதும் உண்டு. கடி இழுவையாகவே வரும் என்றில்லை. சில வேளை தங்கூசி திடீரெனத் தளரும். உடனே சுற்றித் தடியை உயர்த்துங்கள்.

துளைகளை விடியுமுன் ஒரே மூச்சில், ஏரியின் அடிச்சரிவு நெடுக, தண்ணீர் 12, 18, 24 மீற்றர் ஆழமுள்ள இடங்களில் போட்டுவிடுங்கள். இடையிடையே துளைத்தால் சத்தத்துக்கு மீன் விலகும்.

துளைக்கு அருகே வந்த மீன் தங்கூசியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. 15 இறாத்தல் தங்கூசி எப்படி அறும்? — பிராம்டன் வாசகர்

ஐஸின் கீழ்விளிம்பு கத்திபோல இருக்கும். பின்னிய நூலின் முனையில் 3 மீற்றர் ஃபுளோரோகார்பன் தங்கூசி கட்டியிருந்தாலும், விளிம்பில் உரசினால் தாங்காது. துளைத்து முடித்ததும் ஓகரை (துளைபோடும் கருவியை) நாலைந்து தரம் மேலும் கீழும் ஓட்டி விளிம்பை மழுங்கவிடுங்கள். மீன் பக்கவாட்டில் ஓடும்போது தடியின் நுனியைத் துளைக்குள்ளேயே இறக்குங்கள். உணரியை முன்னரே வெளியே எடுங்கள். அதன் கம்பியில் சுற்றித்தான் பாதி மீன்கள் போகின்றன.

15 இறாத்தல் தங்கூசிக்கு ரீலின் பிடி, அதாவது தங்கூசி வெளியே ஓடாமல் இறுக்கும் பாகம், 2 கிலோ இழுவையில் வழுக்க வேண்டும். கடும் குளிரில் உள்ளே கிரீஸ் இறுகிப் பிடி சிக்கிக்கொள்ளும். ரீலைப் பனியில் வைக்காதீர்கள், கடிக்காத நேரத்திலும் இடைக்கிடை கையால் இழுத்துப் பாருங்கள்.

ஐஸ் வெளிச்சத்தைக் கண்டதும் ட்ரௌட் ஒரு தரமாவது திரும்பி ஓடும். அந்த ஓட்டத்துக்கு இடங்கொடுங்கள். தங்கூசியைக் கையால் பிடிக்கவே வேண்டாம். மூக்கு மேல்நோக்கித் துளைக்குள் வந்தபின் ஒரே சீராகத் தூக்குங்கள். சாதாரண 8 அங்குலத் துளை போதும், 10 இருந்தால் வசதி.

பெரியதைச் சமைக்கலாமா, விடவா? — ஏஜாக்ஸ் வாசகி

விடுங்கள் அம்மா. குழம்புக்குச் சின்னதே ருசி. பெரிய மீன் வயதானது, பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். கொழுப்பையும் தோலையும் நீக்கினால் சில நச்சுகள் குறையும், பாதரசம் குறையாது. ஏரிக்கும் மீனின் நீளத்துக்கும் ஏற்ப மாதம் எத்தனை தரம் தின்னலாம் என்று ஒன்ராறியோ அரசு அட்டவணை தருகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு. பிடிக்கும் காலமும் எண்ணிக்கையும் அந்த வருட விதிப்புத்தகத்தில் பாருங்கள்.

செட்டைகளையும் கவனியுங்கள். இந்த ஏரியில் அரசு வளர்த்துவிட்ட ட்ரௌட்டுக்கு ஒரு செட்டை வெட்டியிருக்கும். எல்லாம் முழுதாக இருந்தால் ஏரியிலேயே பிறந்தது. அதை விட்டுவிடுவது நல்லது.

மீன் ஏறும்போது துளையில் குமிழ்கள் வரும், பயப்படாதீர்கள். ட்ரௌட்டின் காற்றுப்பை தொண்டையோடு இணைந்திருப்பதால் அது காற்றை வெளியே விட்டுவிடும். ஆழத்திலிருந்து வந்தாலும் திரும்பிப் போகும். பனியில் போட்டால் கண்ணும் செவுளும் உறைந்துவிடும். நனைந்த கையால் தாங்கி, ஒரு படம், உடனே தலைகீழாகத் துளைக்குள்.

மிஞ்சிய உயிர் இரைமீன்களைத் துளையில் விடலாமா? — பிக்கரிங் வாசகர்

கூடாது. வாளித் தண்ணீரையும் ஊற்றக் கூடாது. நீர்நிலையிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டினாலே குற்றம்.