பழைய மாளிகையை விடுதியாகப் புதுப்பித்தால் அதன் பழமை போய்விடாதா?

போகத்தான் வேண்டும் என்றில்லை. கலிபோர்னியாவின் சோனோமா ஒயின் வட்டாரத்தில், ஹீல்ட்ஸ்பர்க் ஊரிலுள்ள மட்ரோனா மாளிகையையே பாருங்கள். 1881-இல் ஜான் பாக்ஸ்டன் என்ற செல்வந்தர் கட்டிய வீடு, 1980-களில் விடுதியானது. வடிவமைப்பாளர் ஜே ஜெஃபர்ஸ் கைவண்ணத்தில் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் மறுபடி திறந்தது.

முதலில் கண்ணில் படுவது மேன்சர்ட் கூரைதான். கூரையின் கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். அதிலேயே ஜன்னல்களும் வைத்திருப்பார்கள். சாதாரணச் சரிவுக் கூரையில் பரணாகக் குறுகிவிடும் இடம், இங்கே ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய முழுத் தளமாகிவிடுகிறது.

சரி, உள்ளே? பாக்ஸ்டன் குடும்பம் புழங்கிய மரச்சாமான்கள் பல இன்னும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைக் கயிறு கட்டி ஒதுக்கி அருங்காட்சியகமாக்கவில்லை. இன்றைய ஓவியங்கள், அடர்ந்த நிறங்கள், புதுத் துணிகள் நடுவே விருந்தினர் புழங்கும்படி வைத்திருக்கிறார்கள். இயந்திரத் தயாரிப்பு பெருகிய அந்தக் காலத்தில், அன்றாடப் பொருளும் அழகாக இருக்க வேண்டும் என்று வாதாடிய அழகியல் இயக்கத்தின் போக்குக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் 1881 போலவே நடித்துக் காட்டுவதைவிட இதுதான் அந்த வீட்டுக்குச் செய்யும் மரியாதை.