ஹூண்டாய் மாதிரி பட்ஜெட் கார் கம்பெனியை ஸ்போர்ட்ஸ் கார் ஆளுங்க இப்போ நிஜமாவே மதிக்கிறாங்களா?

மதிக்கிறாங்க. ஆனா எல்லா பட்ஜெட் கம்பெனிக்கும் அந்த மரியாதை கிடைக்கல, ஹூண்டாய்க்கு கிடைச்சதும் சும்மா கிடைக்கல.

1986ல அமெரிக்காவுல எக்செல்னு ஒரு காரை 4,995 டாலருக்கு இறக்கினாங்க. முதல் வருஷமே ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்துச்சு, அப்புறம் தரம் சரியில்லன்னு பேரு கெட்டு டிவி காமெடி நிகழ்ச்சியில எல்லாம் வச்சு ஓட்டுற அளவுக்குப் போச்சு. அந்தப் பேரை மாத்தத்தான் 1998ல பத்து வருஷம், ஒரு லட்சம் மைல் வாரண்டின்னு அறிவிச்சாங்க. அதுல குடும்பஸ்தங்க நம்பி வந்தாங்க, வேகப் பைத்தியங்க திரும்பிக்கூட பாக்கல. நம்ம ஊர்லயும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்து வந்த சான்ட்ரோன்னா அப்பா ஆபீஸ் போற வண்டி, அவ்ளோதான்.

கதை மாறினது ஆல்பர்ட் பியர்மன் வந்தப்புறம். பிஎம்டபிள்யூவோட வேகமான கார்களைப் பண்ற எம் (M) பிரிவுல இன்ஜினியரிங்கைப் பாத்துக்கிட்டு இருந்த மனுஷன், 2015ல ஹூண்டாய்ல சேந்தாரு. 2017ல ஐ30 என் வந்துச்சு, ‘என்’னா (N) ஹூண்டாயோட வேகமான கார் வரிசை. 2 லிட்டர் டர்போ, 275 பிஎஸ் (குதிரைத்திறன்), 6 ஸ்பீடு மேனுவல், முன் வீலுக்கு எலக்ட்ரானிக் எல்எஸ்டி, அதாவது வளைவுல ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தாம பாத்துக்கிற அமைப்பு. ஆனா என்னைக் கேட்டா பவரை விட பெரிய விஷயம் ஆஸ்திரேலியாவுல அவங்க குடுத்த வாரண்டிதான். பொதுவா டிராக்ல ஓட்டினேன்னு வாய் தவறி சொன்னாலே சர்வீஸ்ல கையை விரிச்சிடுவாங்க, இவங்க என்னடான்னா போட்டியா, டைமிங் போட்டு ஓட்டாத வரைக்கும் டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) போய்ட்டு வா, வாரண்டி இருக்குன்னுட்டாங்க. பிரேக்கும் கிளட்ச்சும் தாங்கும்னு நம்பாம எந்தக் கம்பெனி இப்படி எழுதிக் குடுக்கும்?

அடுத்து 2023ல ஐயோனிக் 5 என். எலக்ட்ரிக், 2200 கிலோ, அதுல போலி கியர், போலி சவுண்டு வேற! கேட்டப்ப எனக்கே சிரிப்புதான். ஆனா ஸ்டீயரிங் பின்னாடி இருக்குற கியர் பேடிலைத் தட்டாம விட்டா, பெட்ரோல் இன்ஜின் சுத்துற வேகத்தோட உச்ச வரம்புல நிக்கிற மாதிரி ரெவ் லிமிட்டர்ல முட்டி நிக்குது, கியர் மாத்தினா நிஜ வண்டி மாதிரியே ஒரு உதை குடுக்குது, வளைவுல எந்த வேகத்துல இருக்கோம்னு காதே சொல்லிடும், மீட்டரைப் பாக்க வேண்டியதில்ல. 2024ல உலக பெர்ஃபார்மன்ஸ் கார் விருது வாங்கிச்சு, போர்ஷே ஆளுங்களே ஓட்டிப் பாத்துட்டு பாராட்டினாங்க. பத்து வருஷம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தா அடிக்க வந்திருப்பாங்க.

லோகோ பாக்குற கூட்டம் இன்னும் இருக்கு, அது வேற. அதுங்க டிராக் பக்கமே வராது.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, நம்ம ஊர்ல 2021ல வந்த ஐ20 என் லைன் வேற, ஐரோப்பாவுல வித்த ஐ20 என் வேற. இங்க 1 லிட்டர் 120 பிஎஸ், அங்க 1.6 லிட்டர் 204 பிஎஸ். என் லைன் நல்ல வண்டிதான், சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம், எக்ஸாஸ்ட் சத்தமும் அழகா இருக்கும், ஆனா அதை ஓட்டிட்டு ‘இவ்ளோதானா என்’னு முடிவு பண்ணிடாதீங்க.