கேளுங்கள், இழைத்துத் தருகிறேன்

மரச்சாமான், விளக்கு, வீட்டுக் கட்டுமானம் பற்றிய உங்கள் கேள்விகளுக்குக் கோவையில் மரப்பட்டறை நடத்தும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

வேளச்சேரி வாசகி: வாடகை வீடு. சீலிங்கில் ஓட்டை போடக் கூடாது என்பது ஹவுஸ் ஓனர் உத்தரவு. அதனால் சாப்பாட்டு மேஜைக்கு மேலே வளைந்து நிற்கும் ஸ்டாண்டு விளக்கை ஆன்லைனில் வாங்கினோம். குழந்தை பிடித்து இழுத்ததும் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, சோபாவில் விழுந்தது. என்ன செய்யலாம்?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளக்கைப் படுக்கப் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்களிடம் இருப்பது ‘ஆர்கோ’ என்ற இத்தாலிய விளக்கின் நகல். 1962-ல் பியர் ஜாக்கோமோ, அக்கீலே காஸ்டிலியோனி என்ற அண்ணன் தம்பி ஃபுளோஸ் கம்பெனிக்காகச் செய்தது. அவர்கள் முன்னாலும் உங்கள் பிரச்சினைதான் இருந்தது. மேஜைக்கு மேலே விளக்கு வேண்டும், கூரையைத் தொடக் கூடாது. தெருவிளக்கைப் பார்த்து யோசனை பிறந்தது. கம்பம் ஓரமாக நிற்கிறது, வெளிச்சம் நடுத்தெருவில் விழுகிறது, இல்லையா? எஃகுத் தண்டு வளைந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளிப்போய் விளக்கைப் பிடித்துக்கொள்ளும். பரிமாறுகிறவர் கையில் தட்டோடு நாற்காலிக்குப் பின்னால் நடந்துபோக வழி இருக்கும்.

இத்தனையையும் தாங்குவது அடியில் இருக்கும் கராரா பளிங்குக்கல். சுமார் 65 கிலோ. அந்தக் கல்லில் ஒரு துளை உண்டு. அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். துடைப்பக் கட்டையை அதில் செருகி, ஆளுக்கொரு பக்கம் தூக்கி நகர்த்துவதற்காகப் போட்டது அது. கல்லின் முனைகளை மழுக்கியிருப்பதும் முழங்காலில் இடிபடாமல் இருக்கத்தான்.

நகல் எடுத்தவர் வளைவை எடுத்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டார். கூரியர் செலவு இருக்கிறதே! சில நகல்களில் துளையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்கள், இரண்டு விரலால் தூக்கக்கூடிய அடிப்பாகத்தில்.

கல் அறுக்கும் பட்டறையில் கிரானைட் துண்டு கேளுங்கள். ஒன்றேகால் அடி நீளம், ஒரு அடி அகலம், எட்டு அங்குல கனம் இருந்தால் அறுபது கிலோவைத் தாண்டிவிடும். அவ்வளவு கனத்தில் ஒரே துண்டு அகப்படாவிட்டால் மெல்லிய துண்டுகளை எபாக்சி பசை வைத்து அடுக்கித் தருவார்கள். கல்லில் துளை போட்டு, விளக்கின் தண்டை போல்ட் வைத்து முடுக்க வேண்டும். பசையை மட்டும் நம்பாதீர்கள். கல்லின் நீளவாக்கு விளக்கு நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் இருக்கட்டும். இத்தனை செய்தாலும் நகலின் குழாய் மெல்லிசு. பிள்ளை தொங்கி விளையாடும் வயதைத் தாண்டும்வரை அது பரண் மேலேயே இருப்பது நல்லது.

ஈரோடு வாசகி: சாப்பாட்டு மேஜைக்கு மஞ்சள் வெளிச்சம் போட்டேன். “ஹோட்டல் மாதிரி இருட்டா இருக்கு, டியூப்லைட்டே போடு” என்கிறார் கணவர். தீர்ப்பு சொல்லுங்கள்.

அவரைத் திட்டாதீர்கள். டியூப்லைட்டில் படித்துப் பாஸானவர்களுக்கு மஞ்சள் வெளிச்சம் என்றால் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் இருவரும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். சாப்பிடும்போது தொந்தரவு செய்வது கண்ணில் நேரே குத்தும் பல்பு. டென்மார்க்கில் பௌல் ஹென்னிங்சன் என்று ஒருவர். 1894-ல் பிறந்தவர், மண்ணெண்ணெய் விளக்கின் இதமான வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்சார பல்பின் கூச்சம் அவருக்குப் பொறுக்கவில்லை. 1920-களின் நடுவில் மூன்று மூடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, கணக்குப் போட்ட வளைவில் அமைத்தார். மேஜையில் உட்கார்ந்து எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது, மூடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் இறங்கும். பல்பு கம்பெனிகள் இஷ்டத்துக்கு வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததில் வேறு அவருக்கு எரிச்சல். எந்த பல்பைப் போட்டாலும் கூசாதபடி 1958-ல் ‘பி.எச். 5’ விளக்கைக் கொண்டுவந்தார். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்ட அதற்குள் சின்னதாகச் சிவப்பும் நீலமும் பூசிய பாகங்கள் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பல்பை முழுக்க மறைக்கும் ஆழமான மூடி வாங்குங்கள். மேஜைப் பலகைக்கும் மூடியின் விளிம்புக்கும் இரண்டடி இடைவெளி இருக்கட்டும். எல்.இ.டி. டப்பாவில் 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் சாயல் வெளிச்சம் சாப்பாட்டு மேஜைக்கு, 4000 என்ற சற்று வெள்ளை வெளிச்சம் சமையல் மேடைக்கு. சி.ஆர்.ஐ. 90 என்று இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம், கூட்டும் பொரியலும் தத்தம் நிறத்தில் தெரியும். கணவருக்குப் பேப்பர் படிக்க ஹாலில் ஒரு டியூப்லைட்டை விட்டுவைப்பதில் தப்பில்லை.

சிங்கப்பூர் வாசகி: மூன்று நீளக் காலில் நிற்கும் அலுமினிய எலுமிச்சை பிழியும் கருவி கல்யாணப் பரிசாக வந்தது. பிலிப் ஸ்டார்க் என்ற பிரெஞ்சு டிசைனர் செய்தது என்கிறார்கள். நன்றாகப் பிழியுமா?

பிழியும். விதையோடு.

1990-ல் அலெஸ்ஸி கம்பெனி வெளியிட்டது. ஒரு உணவகத்துக் காகித விரிப்பில் ஸ்டார்க் கிறுக்கிய படங்களிலிருந்து வந்த வடிவம். பின்னாளில் தங்கமுலாம் பூசியும் விற்றார்கள். அதில் எலுமிச்சை பிழியாதீர்கள், முலாம் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கையோடு! அழகுதான், மறுக்கவில்லை. ஷோகேஸில் வைத்துவிட்டு, சாறு பிழிய முஸ்தபா சென்டரில் கைப்பிடி வைத்த பிழிவான் வாங்கிக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: உருண்டையாக ஒரு காகித விளக்கை மகள் ஹாலில் மாட்டியிருக்கிறாள். உலகப் புகழ் பெற்ற டிசைன் என்கிறாள். எனக்குக் கோயில் திருவிழாத் தோரணம்தான் ஞாபகம் வருகிறது.

திருவிழா என்று நீங்கள் சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை. ஜப்பானில் கிஃபு என்ற ஊர் காகித விளக்குகளுக்குப் பேர்போனது. இசாமு நோகுச்சி, ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி, 1951-ல் அங்கே போனார். விளக்குத் தொழில் நொடித்திருந்தது. கைகொடுக்க முடியுமா என்று நகரத் தலைவர் கேட்டார். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் மின்விளக்கை வைத்து நோகுச்சி வடிவங்கள் வரைந்தார். ‘அகாரி’ என்று பெயர். காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இன்றும் கிஃபுவில் கையால்தான் செய்கிறார்கள்.

செய்முறையைக் கேளுங்கள். மரத்துண்டுகளை இணைத்து முதலில் ஒரு அச்சு. அதன்மேல் மெல்லிய மூங்கில் கீற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டுவார்கள். மல்பெரி வகை மரப்பட்டை நாரில் செய்த காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி அதில் ஒட்டுவார்கள். பசை காய்ந்ததும் உள்ளே இருக்கும் மர அச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி, வாய் வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது காகிதமும் மூங்கிலும். அமுக்கினால் தட்டையாக மடிந்து ஒரு உறைக்குள் போய்விடும். வீடு நிறைக்கும் ஒரு சிற்பத்தை மடித்துத் தபாலில் அனுப்பலாம் என்றால் அது சாமான்ய மூளையா?

மகள் வாங்கியதைக் கழற்றிப் பாருங்கள். மூங்கிலுக்குப் பதில் கம்பி, நார் தெரியாமல் வழுவழுவென்ற காகிதம் என்றால் நகல். இருந்தால் என்ன, வெளிச்சம் நன்றாகவே இருக்கும். சூடேறும் பழைய குண்டு பல்பை மட்டும் போடாதீர்கள், எல்.இ.டி. போதும். சீலிங் ஃபேன் காற்று நேரே படாத இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஆடி ஆடிக் கிழியும். ஐப்பசியில் ஈசல் கிளம்பும் நாளில் அதை அணைத்துவிடுங்கள். உள்ளே விழுந்து செத்த ஈசல் ஒவ்வொன்றும் காகிதத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். கழற்றித் தலைகீழாகத் தட்டுவதுதான் ஒரே வழி, ஈரத்துணி கூடவே கூடாது.

மும்பை மாட்டுங்கா வாசகர்: இரானி ஹோட்டல்களில் வளைந்த முதுகுள்ள மர நாற்காலிகள் எத்தனையோ காலமாக உழைக்கின்றன. நான் வாங்கிய புது நாற்காலி ஒரு வருஷத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. ஏன்?

நீங்கள் சொல்வது மைக்கேல் தோனெட் வம்சம். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்திய தச்சர். 1859-ல் அவர் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி.

பீச் மரக் கழியை ஆவியில் வேகவைத்தால் வளையும். ஆனால் வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டுப் பிளக்கும். மரம் நசுங்கப் பொறுக்கும், நீளப் பொறுக்காது. தோனெட் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டினார். பட்டை நீளாது, ஆகவே மரமும் நீள வழியில்லை. உள்பக்கம் நசுங்கித்தான் வளைந்தாக வேண்டும். அப்படியே அச்சில் மாட்டிக் காயவிட்டால் வளைவு நின்றுவிடும். பின்கால் இரண்டும் முதுகும் சேர்ந்து ஒரே கழி. இணைப்பு இருந்தால்தானே ஆடுவதற்கு? மொத்த நாற்காலிக்கும் ஆறு மரத்துண்டு, பத்து ஸ்குரு, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும். கப்பலேறி ஊர் ஊராகப் போனது அதனால்தான்.

உங்களுடையது பார்ட்டிக்கிள் போர்டாக இருக்கும். மரத்தூளில் முடுக்கிய ஸ்குரு ஒரு தடவை தளர்ந்தால் மறுபடி பிடிக்காது. சோர் பஜாரில் பழையதைத் தேடுங்கள். கவிழ்த்துப் பாருங்கள், கால்களுக்கு நடுவே வளையம் முழுசாக இருக்க வேண்டும். வளைவில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். பிரம்பு பின்னல் கிழிந்திருந்தால் பரவாயில்லை, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

சேலம் வாசகர்: கிச்சன் கப்போர்டுக்கு 303 பிளைவுட் போதும் என்கிறார் ஆசாரி. கடைக்காரர் 710 என்கிறார்.

சிங்க் அடியில் 710, மேலே உள்ள அலமாரிக்கு 303. இவை பிளைவுட்டின் இந்தியத் தர எண்கள், 710 என்பது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் ரகம். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். மைக்கா ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுதான்.

நாகர்கோவில் வாசகர்: வீட்டுக் கூரைத் தளத்துக்குள் பழைய ஓடுகளை வைத்து கான்கிரீட் போடலாம் என்று படித்தேன். “தளத்துக்குள் ஓடா?” என்று எங்கள் எஞ்சினியர் சிரிக்கிறார்.

அவரைத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற்றுங்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சுழன்று ஏறும் சரிவில் மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியவை. அதைக் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்தான் ஓடு வைத்த தளத்தையும் கேரளத்தில் பரப்பியவர். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானவர்.

விஷயம் இதுதான். தளத்தின் மேல் எடை ஏறும்போது மேற்பகுதி அமுங்கும், கீழ்ப்பகுதி இழுபடும். அமுங்குவதைத் தாங்க கான்கிரீட் கெட்டிக்காரன், இழுபடுவதைத் தாங்குவது கம்பி. ஆக, கீழ்ப்பகுதியில் கம்பிக்குக் கம்பி நடுவே நிறைந்திருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை, சுமைதான். அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தால் எடை குறையும், சிமென்ட் குறையும். ஓடுகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெயிலையும் கொஞ்சம் மறிக்கும்.

ஆனால் இதை மேஸ்திரி கையில் மட்டும் விட்டுவிடக் கூடாது. சுவரையும் பீமையும் ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது, முழு கான்கிரீட்தான். வெளியே நீட்டும் பால்கனியில் இழுவை மேல்பக்கம் வரும், அங்கேயும் இந்தக் கணக்கு செல்லாது. ஓட்டின் அளவுக்குக் கம்பி இடைவெளியை முன்கூட்டியே வரைய வேண்டும். கான்கிரீட் கொட்டுமுன் ஓடுகளை நன்றாக நனைக்காவிட்டால் கலவையின் தண்ணீரை அவை உறிஞ்சிவிடும். ஃபேன் கொக்கிக்கும் மின்குழாய்க்கும் சென்ட்ரிங் போடும்போதே இடம் முடிவாகிவிட வேண்டும், பிறகு துளைத்தால் ஓடு உடையும். உங்கள் எஞ்சினியர் இத்தனைக்கும் கணக்குப் போட மாட்டேன் என்றால் வேறு எஞ்சினியரைப் பாருங்கள், நீங்களாகத் துணிய வேண்டாம்.

காரைக்குடி வாசகி: பாட்டி வீட்டு பீரோக்கள் கரையான் அரித்துப்போயின. தேக்கு டிராயர்கள் மட்டும் ஒவ்வொரு அளவில் ஏழெட்டு மிஞ்சியிருக்கின்றன. தூக்கிப் போட மனசில்லை.

போடாதீர்கள். 1991-ல் நெதர்லாந்தில் தேயோ ரெமி என்ற டிசைனர் இதே நிலையில் ஒரு வேலை செய்தார். குப்பைக்குப் போன டிராயர்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் அளவில் தனித்தனி மேப்பிள் மரப்பெட்டி அடித்தார். பெட்டிகளைக் கோணல்மாணலாக ஒன்றன்மேல் ஒன்று குவித்து, மொத்தத்தையும் ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டினார். ஆணி, ஸ்குரு எதுவும் அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கவில்லை. அதில் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் ஊரில் நல்ல ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் டிராயர்களைத் தட்டிப் பார்த்து, கரையான் மருந்து அடித்து, நிழலில் காயவையுங்கள். பழைய டிராயர் எதுவும் சரிசதுரமாக இருக்காது. முன்பக்க அகலம் ஒன்று, பின்பக்க அகலம் ஒன்று. அகலமான பக்கத்தை அளந்து, இருபுறமும் இரண்டிரண்டு மில்லிமீட்டர் விட்டுப் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதும், தேக்கு வேண்டாம். பழைய மரம் பழசாகவும் புதுப்பெட்டி புதுசாகவும் தெரிவதுதான் இதன் அழகு. டிராயரின் அடிவிளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். பித்தளைப் பிடிகளை மாற்றாதீர்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தாலும் சரி.

கட்டுவதற்கு லாரியில் சரக்கை இறுக்கும் ராட்செட் பெல்ட் எடுப்பாக இருக்கும். ரெமியுடையது பார்க்க எந்த நேரமும் சரியும்போல் இருக்கும். உங்கள் வீட்டில் பேரன் பேத்தி வந்துபோவார்கள். பெரிய டிராயர்களை அடியில் வைத்து, கீழ்ப்பெட்டி இரண்டையும் மேலே ஒன்றையும் சுவரோடு ஆங்கிள் வைத்து முடுக்கிவிடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.