முதல் நாள் பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள்

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதிகள் நாங்கள் நாலு பேர், வருகிற தை மாதம் ஒரு கிழமை வியன்னா போகிறோம். விசா கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணியளவில் போய் இறங்குவோம். அன்றைக்கே ஷோன்புருன் அரண்மனைத் தோட்டம், ஸ்டெஃபான் பேராலயக் கோபுரம், பிராட்டர் ராட்டினம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒருத்தி பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். எங்களில் இன்னொருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, அதுதான் ஆஸ்துமா. நுவரெலியாவுக்குப் போனாலே இழுக்கத் தொடங்கிவிடும். இப்போது அவள், "நான் வந்தால் உங்கள் மூன்று பேருக்கும் கரைச்சல், நீங்கள் போய்வாருங்கள்" என்கிறாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குளிருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாசகி, வெள்ளவத்தை

*

அன்பின் தங்கைக்கு,

உங்கள் சிநேகிதி வரவேண்டும். அவர் வருவதற்கு ஏற்ற மாதிரிப் பயணத்தை மாற்றுங்கள். இந்தப் பதில் முழுக்க அதற்காகத்தான்.

முதலில் வைத்தியர். இப்போதே அவரை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், புறப்படுகிற கிழமையில் ஓடாதீர்கள். மருந்தின் அளவை மாற்றுவதானால் அது உடம்பில் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவகாசம் வேண்டும். தொய்வு கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள் வியன்னாவிலேயே வாழ்ந்து, பனியில் நடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள். குளிரோடு சேர்ந்து காற்று உலர்ந்து போவதுதான் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றிலேயே வளர்ந்த நெஞ்சுக்கு அது இன்னும் புதிது. மூக்கால் மூச்சு எடுத்து, வாயையும் மூக்கையும் ஒரு கம்பளிச் சால்வையால் மூடிக்கொண்டால் காற்று சூடாகி, ஈரமாகி உள்ளே போகும். இன்ஹேலரை ஜக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூடு படுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்துபோன குப்பியிலிருந்து மருந்து சரியான அளவில் வராது.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். பகல் 12 மணிக்கு இறங்குகிறீர்கள். குடிவரவு வரிசை, பெட்டி, ரயில் எல்லாம் முடிந்து அறைக்குப் போக மூன்று மணி ஆகிவிடும். தை நடுப்பகுதியில் அங்கே நாலரைக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணி தாண்டியும் காலிமுகத்திடலில் வெளிச்சத்தோடு நின்று பழகிய எங்களுக்கு, நாலரை இருட்டு மனதை ஒருமாதிரி அமுக்கும். அதோடு இலங்கை நேரம் குளிர்கால வியன்னாவை விட நாலரை மணித்தியாலம் முன்னால். அங்கே இரவு எட்டு மணி என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. கட்டுநாயக்கவில் ஏறி, டோஹாவிலோ டுபாயிலோ இறங்கி மாறி, இரவு நித்திரை இல்லாமல் போய்ச் சேர்கிற உடம்பு அது. அந்த நிலையில் பூச்சியப் பாகைக் குளிரில் தோட்டம் சுற்றுவது சுகமாக இருக்கிறவர்களுக்கே கடினம்.

அதனால் அந்தப் பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளிரில் ஆட்கள் கதைப்பது குறையும். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்போம். தெம்பாக இருக்கிறவர் முன்னால் போய்விடுவார், ஏலாதவர் பின்னால் தனியே வருவார். நடைபாதையில் வழுக்காமல் இருக்கப் போட்டிருக்கும் குறுணிக்கல் பெட்டிச் சில்லுக்குள் சிக்கிக் கரகரவென்று இழுபடும். அந்தச் சத்தத்தில் பின்னால் வருகிறவரின் மூச்சு முன்னால் போகிறவருக்குக் கேட்காது. சிநேகிதிகளோடு இப்படி ஒரு குளிர்நகரத்தில் போய் இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு, அந்த முதல் கால் மணித்தியாலத்தில்தான் ஆளை ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். "கரைச்சல்" என்று கொழும்பிலேயே சொல்கிறவர், அங்கே மூச்சு முட்டினாலும் வாய் திறக்கமாட்டார். களைத்துப்போனேன் என்று அவர் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். அவரையே முன்னால் நடக்க விடுங்கள், மற்ற மூவரும் அவருடைய நடைக்கு நடக்கட்டும். அவருடைய பெட்டியை இன்னொருவர் இழுக்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கேட்காமலே, எங்காவது சூடான இடத்துக்குள் நுழைந்து இருங்கள்.

விமான நிலையத்திலிருந்து பிரதான ரயில் நிலையமான ஹௌப்ட்பான்ஹோஃபுக்கு வேக ரயிலில் கால் மணித்தியாலம். நீங்கள் போவது ஞாயிறு, ஆஸ்திரியாவில் அன்றைக்கு சுப்பர்மார்க்கெட்டுகள் பூட்டு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். ஆகவே நிலையத்தை விட்டு வெளியே வரமுன்னரே பாண், பால், முட்டை, பழம் வாங்கிவிடுங்கள், அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு அது போதும். தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டாம். அல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து நகரத்துக்குக் குழாய் போட்டது 1873 இல், இன்றைக்கும் பைப்பைத் திறந்து அப்படியே குடிக்கலாம்.

பெட்டியை அறையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உள்ள ஒரு கோப்பிக்கடைக்குப் போங்கள். அந்தப் பின்னேரத்துக்கு அது ஒன்றே போதும். உள்ளே நுழைந்தவுடன் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது, புகார் மூடிவிடும். ஜக்கெட்டைக் கழற்றிக் கொழுவியில் மாட்டிவிட்டு இருங்கள். கோப்பி ஒரு சின்னத் தட்டத்தில் வரும், கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர், கிளாஸின் மேல் கரண்டி குப்புறக் கிடக்கும். ஒரு கோப்பிக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பச் சொல்லமாட்டார்கள். இந்தக் கோப்பிக்கடை வழக்கத்தையே 2011 இல் ஆஸ்திரியா தன்னுடைய பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாலு பேரும் பள்ளிக்கூட வாங்கில் இருந்தது போல அங்கே இருந்து கதையுங்கள்.

பட்டியல் போட்டவரை ஏமாற்றவும் வேண்டாம், அவர் ஆசையோடு செய்த வேலை அது. ஸ்டெஃபான் பேராலயத்தில் ஏறிப் பார்க்கக்கூடியவை இரண்டு கோபுரங்கள். தெற்குக் கோபுரத்துக்கு 343 படி. வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, மேலே 20 தொன்னுக்கு மேற்பட்ட பும்மெரின் மணியும் இருக்கிறது. நாலு பேரும் லிஃப்டில் போங்கள். 1897 இல் கட்டிய பிராட்டர் ராட்டினத்தின் பெட்டிகள் மூடியவை, காற்று அடிக்காது. அது ஓடுகிற நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஷோன்புருன் தோட்டத்தை வெயில் எறிக்கிற ஒரு மதியத்துக்குத் தள்ளுங்கள்.

குளிர் கூடிய நாளுக்குக் கலை வரலாற்று அருங்காட்சியகம். அங்கே புரூகல் 1565 இல் வரைந்த ஒரு ஓவியம் இருக்கிறது, பனியில் வேட்டைக்காரர்கள் திரும்பி வருவது. முதுகு வளைந்த மூன்று பேர், களைத்த நாய்கள், அவ்வளவு பாட்டுக்கும் கிடைத்தது ஒரே ஒரு நரி. கீழே, உறைந்த குளத்தில் சின்னச் சின்ன மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். குளிரை வெளியே ஒரு நாளாவது அனுபவித்த பிறகு அதைப் பாருங்கள், அந்த ஆட்களின் தோளில் இருக்கிற பாரம் அப்போதுதான் தெரியும். நான் எத்தனையோ படங்களைக் கடந்து போயிருக்கிறேன், அந்தப் படத்தின் முன்னால் இருந்து எழும்ப மனம் வரவில்லை.

உடுப்பு விஷயம். ஒரு தடித்த ஜக்கெட்டை நம்பிப் போகாதீர்கள். ட்ராமுக்குள்ளும் கடைக்குள்ளும் ஹீட்டர் போட்டிருப்பார்கள், வியர்க்கும். வியர்த்த உடம்போடு வெளியே வந்தால் குளிர் இரட்டிப்பாக ஏறும். உடம்போடு ஒட்டிய மெல்லிய தேர்மல், அதன்மேல் கம்பளி சுவெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத ஜக்கெட் என்று கழற்றிப் போடக்கூடியதாக இருக்கட்டும். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். சப்பாத்தைத் தடித்த சொக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும்.

ஜக்கெட்டுக்கு அங்கே போய் யூரோவில் செலவழிக்க வேண்டியதில்லை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது முதல், பனியைக் கண்ணால் காணாத பெண்கள் பனிநாட்டு உடுப்புகளைத் தைத்து அனுப்புகிறார்கள். மிஞ்சுகிற உருப்படிகள் கொழும்புக் கடைகளுக்கு வரும். வலயத்தில் வேலை செய்கிறவர்களில் மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து போர்டிங்கில் தங்கியிருக்கிற எங்கள் பிள்ளைகளும் உண்டு. அந்தத் தையலைத் தொடும்போது எனக்கு அவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. வாங்குமுன் சுவெட்டரோடு போட்டுப் பாருங்கள், சிப் நாடிவரை ஏறவேண்டும், மணிக்கட்டில் இறுக்கம் வேண்டும், நீளம் இடுப்புக்குக் கீழே வரவேண்டும். ஜக்கெட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு கொண்டு போங்கள். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் குளிரில் நிற்கமாட்டீர்கள்.

கடைசியாகக் காப்புறுதி. விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுத்திருப்பீர்கள். ஏற்கனவே உள்ள வருத்தத்துக்கு அது காசு தருமா என்ற பந்தியை உங்கள் சிநேகிதியோடு இருந்து வாசியுங்கள். தராது என்று இருந்தால், தொய்வை மறைக்காமல் எழுதி, கூடுதல் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் காசை நாலாகப் பிரியுங்கள்.

அன்புடன்,
அக்கா