வாசகர் கேள்வி பதில்: அங்கோர் தாண்டிய கெமர் கோயில்கள்

கேள்வி: அங்கோர் வாட், பாயோன் இரண்டும் பார்த்தாயிற்று. கூட்டத்தோடு கூட்டமாக நின்றதில் மனசு நிறையவில்லை. கம்போடியாவின் கிராமப்பக்கம் இருக்கும் பழைய கோயில்களில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எது?

பதில்: சம்போர் பிரே குக், யோசிக்கவே வேண்டாம். சியெம் ரீப்பிலிருந்து புனோம் பென் போகும் வழியில் கம்போங் தோம் என்ற ஊர் வரும். அங்கே ராத்தங்கிவிட்டுக் காலையிலேயே வண்டி பேசிக் கிளம்புங்கள், சுமார் 30 கிலோமீட்டர்தான். 7-ஆம் நூற்றாண்டில் ஈசானவர்மனின் தலைநகரமாக இருந்த ஈசானபுரம் இது, அங்கோர் வாட்டுக்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் மூத்தது. 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும் அங்கோர் அளவுக்குக் கூட்டம் கிடையாது.

கோயில்கள் பெரும்பாலும் செங்கல், சில எண்கோண வடிவம். வெளிச்சுவரில் 'பறக்கும் மாளிகை' என்று சொல்கிற, உள்ளே உருவங்கள் இருக்கும் மாளிகைச் சிற்பத்தை அவசரப்படாமல் பாருங்கள். செங்கல்லை அடுக்கி முடித்துவிட்டு அந்தச் சுவரிலேயே செதுக்கியிருக்கிறார்கள், அதனால் ஒரு முகத்தின் குறுக்கேகூட செங்கல் இணைப்பு ஓடும். சாய்வெயிலில்தான் அது கண்ணுக்குப் பிடிபடும், உச்சிவெயிலில் வெறும் சுவராகத் தெரியும். அப்புறம் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, குறுக்கிக் குறுக்கியே கூரையை மூடியிருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே பள்ளங்கள் தென்பட்டால் குளம் என்று நினைத்துவிடாதீர்கள், அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளின் தடம் அது.

கேள்வி: கோ கேர் பக்கம் கண்ணிவெடி இருக்கிறது என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். முக்கியமான கோயில்களைச் சுற்றி வெடிகளை அகற்றிவிட்டார்கள். ஆனால் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஒதுங்கக்கூட புதருக்குள் போகாதீர்கள், இது எந்தக் காட்டுக் கோயிலுக்கும் பொருந்தும்.

கெமர் மன்னன் நான்காம் ஜெயவர்மன் 10-ஆம் நூற்றாண்டில் தலைநகரான அங்கோரை விட்டு இங்கே வந்து உட்கார்ந்தான். ஏழடுக்குப் பிரமிடு, கிட்டத்தட்ட 36 மீட்டர் உயரம், எல்லாரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். நீங்கள் பிரசாத் சென் என்ற சின்னக் கோயிலுக்கும் போங்கள். பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோத நிற்கும் சிலைகள் இருந்த இடம். 1970-களில் கொள்ளைக்காரர்கள் கணுக்காலோடு வெட்டிக்கொண்டு போனார்கள், பாதங்கள் மட்டும் பீடத்திலேயே தங்கிவிட்டன. பிற்பாடு துரியோதனன் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது இந்தக் கோயிலின் சிலைதான் என்று நிறுவ அந்தப் பாதங்களே சாட்சி. 2014-ல் இரண்டு பேரும் கம்போடியா திரும்பினார்கள். அவர்கள் இருக்கும் புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு அரை நாளாவது ஒதுக்குங்கள், அதைப் பார்க்காமல் கோ கேர் பயணம் பாதிதான்.

கேள்வி: பாந்தியாய் ச்மார் கோயிலுக்குப் போகலாமா?

பதில்: ஏழாம் ஜெயவர்மன் கட்டியது, பல கைகளோடு நிற்கும் லோகேஸ்வரர் (பௌத்தத்தின் கருணை போதிசத்துவர்) புடைப்புச் சிற்பத்துக்காகவே போகலாம். ஊர்க்காரர்களே வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள், அந்தப் பணம் ஊருக்கே போகும். ஆனால் தாய்லாந்து எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, 2025-ல் எல்லையில் சண்டை நடந்தது. நிலவரம் விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழையும் இருக்காது, வெயிலும் தாங்கும்.